அல்பகோர் தூண்டில் முறைகள் மன்னார் வளைகுடாவில் எடுபடுமா?

பரமக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் கீழக்கரையில் மாமாவின் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அமெரிக்காவில் அல்பகோர் என்ற சூரை (டூனா) மீனை, ஓடும் படகிலிருந்து செயற்கை இரையை இழுத்துப் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்திருக்கிறார். அதே செடார் பிளக் என்ற மர இரையையும் இறகு இரைகளையும் வரவழைத்தால் இங்கே பலிக்குமா, படகு என்ன வேகத்தில் போக வேண்டும், இரை எவ்வளவு பின்னால் வர வேண்டும், கையாலேயே இழுக்கும் கைநரம்பு போதுமா, ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) வாங்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

மீனிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் காணொளியில் பார்த்த அல்பகோர் உங்கள் மாமாவின் படகு போகும் தூரத்தில் கிடைக்காது. அது குளிர்ந்த நீரை நாடும் சூரை. நெஞ்சுத் துடுப்பு வாள்போல நீண்டு, இரண்டாவது முதுகுத் துடுப்பையும் தாண்டிப் போகும். அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் கரைகளுக்கு வெளியே ஜூலை முதல் செப்டம்பர் வரை இளம் அல்பகோர் கூட்டங்கள் மேல்நீருக்கு வருகின்றன. அங்கே அவை தேடும் நீரின் வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். நம் மன்னார் வளைகுடாவின் மேல்நீர் ஆண்டு முழுவதும் 26 டிகிரிக்கு மேலேதான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் அல்பகோர் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. அங்கும் வளர்ந்த மீன் ஆழத்தில்தான் திரியும். பெரிய கப்பல்கள் நெடுகப் பல முட்கள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலை ஆழத்தில் இறக்கி அதைப் பிடிக்கின்றன.

ஆனால் அந்த முறையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் கடலில் அதன் உறவுக்கார மீன்கள் நிறைய இருக்கின்றன. முதலாவது, சந்தையில் வெறுமனே சூரை என்று விற்கும் மீன். முதுகில் அலையலையாகக் கோடுகள், நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகள். கரைக்கு அருகிலும் வரும் என்பதால் சிறிய படகுக்கு இதுதான் முதல் குறி. அடுத்தது எலிச்சூரை. உடல் சிறியது, இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவில் அகலமான இடைவெளி இருக்கும். வயிற்றில் நீளவாக்கில் கரிய கோடுகள் ஓடினால் வரிச்சூரை. மாசிக்கருவாடு பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகிறது. இன்னும் வெளியே, ஆழம் இறங்கும் இடங்களில் மஞ்சள் துடுப்புச் சூரை. சூரை ஆராய்ச்சிக்கும் உங்கள் மாவட்டத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி குடும்பத்து மீன்களைப் பற்றிய பெரிய அறிவியல் கருத்தரங்கு ஒன்று 1962 ஜனவரியில் மண்டபம் முகாமில்தான் நடந்தது.

அல்பகோர் பிடிப்பவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கடைப் பொருட்களை அல்ல. இரையின் அளவு, படகின் வேகம், கூட்டத்தை நெருங்கும் விதம் ஆகிய மூன்றில் அவர்கள் காட்டும் ஒழுங்கைத்தான். நிறம் இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. புதிதாகத் தூண்டில் வாங்குகிறவர்கள் கடையில் நின்று நிறத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். அந்த நேரத்தை அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செடார் பிளக் என்பது ஈயத் தலையும் மர உடலும் கொண்ட எளிய பொருள். வாயில் தகடு எதுவும் கிடையாது. இழுக்கும்போது நேராக வராமல் அங்குமிங்கும் திமிறிக்கொண்டு வரும். அடிபட்ட சிறுமீனின் ஓட்டம் அதில் தெரியும். அல்பகோருக்கு மட்டுமல்ல, வரிச்சூரைக்கும் மஞ்சள் துடுப்புச் சூரைக்கும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஆகவே கேள்வியின் முதல் பகுதிக்கு, பலிக்கும் என்பதே பதில். ஆனால் அவர்கள் வழக்கமாகப் போடும் 15 செ.மீ. பிளக் நம் கரையோரச் சூரைக்குப் பெரிது. இந்த மீன் தின்பது நெத்திலி, சூடை, சின்னஞ்சிறு கணவாய். மீனைக் கிழித்துக் குடலைப் பார்த்தீர்களானால் விரல் நீளத்துக்கு மேற்பட்ட இரை அதில் அரிதாகத்தான் இருக்கும். அதனால் 5 முதல் 8 செ.மீ. வரையிலான இரையிலிருந்து தொடங்குங்கள். கண்ணெதிரே தண்ணீர் கொதிப்பதுபோல் மீன் பாய்ந்துகொண்டிருக்கும், உங்கள் இரையை மட்டும் ஒன்றுகூடத் தொடாது. அப்போது செய்ய வேண்டியது நிறத்தை மாற்றுவது அல்ல. இன்னும் சிறியதைக் கட்டுங்கள், நுனி நரம்பையும் ஒரு படி மெல்லியதாக்குங்கள்.

விலை கொடுத்து வரவழைப்பதற்கு முன் நீங்களே கட்டிப் பாருங்கள். பிஸ்கே வளைகுடாவில் அல்பகோர் பிடிக்கும் பாஸ்க் மீனவர்கள் காய்ந்த மக்காச்சோள மட்டையைக் கிழித்துத் தூண்டிலில் கட்டி இழுத்தவர்கள். தண்ணீரில் அலையும் நார் போதும், அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைச் சூரை கேட்பதில்லை. நமக்கு எளிதில் கிடைப்பது வெள்ளைக் கோழி இறகு. கழுத்துப் பக்கத்து இறகு மெல்லியதாக இருப்பதால் நன்றாக அலையும். துளையுள்ள சிறிய ஈயக் குண்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஏழெட்டு இறகுகளைச் சுற்றிலும் அடுக்குங்கள். இறகின் வளைவு உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். வெளிப்புறம் நோக்கினால் தண்ணீரில் குடைபோல விரிந்துவிடும். இடையிடையே புடவைக் கடையில் கிடைக்கும் வெள்ளி ஜரிகை இழை நான்கைந்து சேர்த்துக் கொள்ளுங்கள். மெழுகு தடவிய நைலான் நூலால் இறுக்கிச் சுற்றி, முடிச்சின்மேல் பசை தடவிக் காயவிடுங்கள். நரம்பை ஈயத் துளை வழியாகக் கோத்து முள்ளைக் கட்டும்போது, முள்ளின் வளைவு இறகின் நுனிக்கு உள்ளேயே நிற்கும்படி பாருங்கள். முள் இறகுக்கு வெளியே நீண்டால் மீன் சந்தேகப்படும். மிகவும் உள்ளே போய்விட்டால் இறகின் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும்.

அல்பகோர் படகுகளில் இரட்டை முள் போட்டு, மாட்டிய முள் கழலாமல் தடுக்கும் எதிர்க்கூரைத் தட்டி மழுக்கிவிடுவார்கள். மீன் படகுக்குள் விழுந்ததும் நரம்பைத் தளர்த்தினால் முள் தானாகக் கழன்றுவிடும், அடுத்த நொடி இரை தண்ணீரில் இருக்கும். கூட்டம் பக்கத்தில் நிற்கும் சில நிமிடங்கள்தான் முழு வருமானமும் என்பதால் வந்த வழக்கம் இது. உங்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன், ஆனால் ஒற்றை முள்ளோடு. எதிர்க்கூர் இல்லாத முள்ளில் நரம்பு ஒரு கணமும் தொய்யக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடையில் வாங்கும் மீன் வடிவ இரைகளில் மும்முனை முள் இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். ஆடும் படகில், துடிக்கும் சூரையின் வாயில் தொங்கும் மும்முனை முள் உங்கள் கையைத்தான் முதலில் தேடும்.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி. சூரையின் கண் நீல, பச்சை ஒளிக்குப் பழகியது. கீழிருந்து மேலே பார்க்கும் அதற்கு இரையின் நிழலுருவமும் மினுக்கமும்தான் முதலில் தெரியும். விடியலிலும் மேகமூட்டத்திலும் கறுப்பு அல்லது கருஊதா, வெயில் ஏறியதும் வெள்ளை, வெள்ளி, நீலம். அவ்வளவு போதும்.

இனி வேகம். அல்பகோருக்கு 6 முதல் 7 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 11 முதல் 13 கி.மீ. நம் சூரைக்கும் இதே வேகம் பொருந்தும். வஞ்சிரத்துக்குச் செத்த மீனைக் கட்டி மெதுவாக இழுத்துப் பழகியவர்களுக்கு இது மிக அதிகமாகத் தோன்றும். அப்படியில்லை. சூரை நிற்காமல் நீந்தும் மீன். மெதுவாக வரும் இறகை அது ஆராய்ந்து பார்க்கும். வேகமாகத் தப்பி ஓடும் இறகை யோசிக்காமல் அடிக்கும். வேகத்துக்கு மேல் வரம்பு எது என்று இரையே சொல்லும். தண்ணீரை விட்டுத் துள்ளித் துள்ளிப் பறந்தால் வேகம் கூடிவிட்டது. குறையுங்கள், அல்லது முன்னால் சிறிது ஈயம் சேருங்கள்.

தூரத்துக்கு மீட்டர் கணக்கை விட அலைக் கணக்கு நல்லது. படகின் பின்னால் எழும் வெள்ளை நுரைக்குப் பின் வரிசையாக அலைகள் உருவாகும். இரண்டாவது, மூன்றாவது அலையின் முன்சரிவில் இரை நிற்க வேண்டும். நுரைக்குள் புதைந்தால் மீன் கண்ணுக்குத் தெரியாது. பைபர் படகுக்கு இது சுமார் 15 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குள் விழும். வெயில் நேரத்தில், கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாளில், ஒரு நரம்பை மட்டும் 40, 50 மீட்டருக்கு விடலாம். உங்கள் படகுக்கு மூன்று நரம்பு போதும். இரு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் நீளமாக ஒன்று. நான்காவதைப் போட ஆசை வரும். திருப்பத்தில் நரம்புகள் பின்னிக்கொண்டு, கூட்டம் பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் சிக்கெடுப்பதில் போய்விடும்.

இனிச் சொல்லப்போவதை ஊன்றிப் படியுங்கள், மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கூட்டத்தைக் கண்டுபிடித்து நெருங்குவது.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. சூரைக் கூட்டத்தைத் தேடத் தெற்கே, மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகிய ஊர்களிலிருந்து தீவு வரிசையைக் கடந்து போகப் போக ஆழம் இறங்கும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பாசி நிறமியையும் வைத்து மீன் கூடும் பகுதிகளைத் தமிழிலும் அறிவிக்கிறது. அமெரிக்க அல்பகோர் மீனவர்களும் இதே வகை வெப்பப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பச்சை நீரும் நீல நீரும் சந்திக்கும் விளிம்பு, மிதக்கும் கட்டை, பாசித் திட்டு, இரண்டு நீரோட்டம் முட்டி நுரைகோடு எழும்பும் இடம், இவற்றைக் கண்டால் கடந்து போகாதீர்கள், ஓரமாகவே ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் விட நம்பகமான வழிகாட்டி ஆலாப் பறவை. ஆலாக்கள் உயரத்தில் சிதறிப் பறந்தால் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். தாழ்வாக, ஒரே திசையில், அவசரமாகப் போனால் கீழே கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் மாறி மாறி விழுந்து எழுந்தால் சூரை இரையை மேலே நெருக்கிவிட்டது. தண்ணீர் தெறிப்பதை அப்போது நீங்களே பார்ப்பீர்கள். பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், படகை நேராகக் கூட்டத்தின் நடுவில் விடுவார்கள். மீன் உடனே அமிழ்ந்துவிடும். பிறகு அரை கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பும், மறுபடி துரத்துவார்கள், மறுபடி அமிழும். கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அகலமாகச் சுற்றி, கூட்டத்துக்கு முன்னால் போய், அதன் ஓரத்தை உரசினாற்போல் கடந்து போங்கள். படகு கூட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும், திருப்பத்தில் பின்னால் வரும் இரைகள் மட்டும் கூட்டத்தின் விளிம்பை அறுத்துக்கொண்டு போக வேண்டும். இயந்திரத்தின் ஒலி ஒரே சீராக இருந்தால் சூரை அதற்குப் பெரிதாகப் பயப்படுவதில்லை. திடீரென்று குறைப்பதும் கூட்டுவதும்தான் அதைக் கலைக்கும்.

ஒரு நரம்பில் மீன் மாட்டியதும் இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். அல்பகோர் படகுகளில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் மீனின் துடிப்பைப் பார்த்து மற்றவை வெறியோடு வரும். இன்னும் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் ஓடினால் மற்ற நரம்புகளும் அதிரும். அதன் பிறகு வேகத்தைக் குறைக்கலாம்.

கூட்டம் ஒரே இடத்தில் நின்று மேய்ந்தால் இழுப்பதை விட எறிவது மேல். 20 முதல் 40 கிராம் எடையுள்ள, மெலிந்த உலோக இரையைக் காற்றின் பக்கமிருந்து கூட்டத்தின் விளிம்புக்கு அப்பால் எறிந்து, கையால் முடிந்த மட்டும் வேகமாகச் சுற்றுங்கள். கூட்டம் அமிழ்ந்துவிட்டால் அதே உலோகத்தை நேரே கீழே இறக்குங்கள். இறங்கும்போதே நரம்பு நின்றாலோ தொய்ந்தாலோ மீன் எடுத்துவிட்டது என்று பொருள்.

இந்த எறிதலுக்குத்தான் ராடும் ரீலும் தேவை. படகிலிருந்து இழுப்பதற்குக் கைநரம்பே போதும். அல்பகோர் படகுகளில் இன்றும் கைநரம்பு போடுகிறவர்கள் உண்டு. கைநரம்புக்கு 1 மி.மீ. தங்கூசி நரம்பு, அதன் முனையில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் ஸ்விவல், அதற்குப் பின் மூன்று நான்கு மீட்டர் மெல்லிய தெளிந்த நரம்பு. நுனி நரம்பு புளூரோகார்பனாக இருந்தால் நல்லது, நைலானை விடத் தண்ணீரில் குறைவாகவே தெரியும். சூரைக்கு 30, 40 பவுண்டு நுனி நரம்பு சரி. வெளியே மஞ்சள் துடுப்புச் சூரை எதிர்பார்த்தால் 60, 80 பவுண்டு. கம்பி கட்டாதீர்கள். வஞ்சிரமோ ஊழியோ வந்து ஓரிரு இரையை அறுத்துக்கொண்டு போகும், போகட்டும். கம்பியைப் பார்த்தால் சூரை ஒதுங்கிவிடும். கையில் பருத்தித் துணி உறை கட்டாயம். நரம்பை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுத்த நரம்பு காலடியில் குவியாமல் ஒரு கூடையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ராட் வாங்கும் எண்ணம் இருந்தால் நடுத்தர அளவு ரீல், 30 பவுண்டு பின்னல் நரம்பு, ஏழு அடி ராட். இதற்கு மேல் தொடக்கத்தில் செலவு செய்ய வேண்டாம்.

படகருகே வந்த சூரை வட்டமடிக்கும். வட்டத்தில் அதன் தலை உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் இழுங்கள். திரும்பிப் போகும்போது பிடித்து மட்டும் வையுங்கள். சிறிய மீனானால் நரம்பைப் பிடித்து ஒரே வீச்சில் உள்ளே எடுத்துவிடலாம். பெரிதானால் கொக்கியைத் தலையில் போட வேண்டும். உடலில் போட்டால் நல்ல சதை கிழிந்து இரத்தம் கட்டிவிடும்.

நம் ஊரில் சூரைக்கு மதிப்புக் குறைவு. கறுத்த இறைச்சி, இரத்த வாடை, சூடு என்கிறார்கள். மீனைப் படகில் வைத்திருக்கும் விதத்துக்குத்தான் இதில் பெரும் பங்கு என்று நான் சொல்வேன். சூரையின் உடல் சுற்றியுள்ள நீரை விடச் சூடானது. போராடிய பிறகு அந்தச் சூடு இன்னும் ஏறியிருக்கும். அதைப் பலகைமேல் வெயிலில் போட்டால் இறைச்சி உள்ளுக்குள்ளேயே வெந்துபோனதுபோல் வெளுத்துத் தளர்ந்துவிடும். மீன் உள்ளே வந்ததும் தலையில் தட்டி அடக்குங்கள். நெஞ்சுத் துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கி, துடுப்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று விரல் பின்னால், இரு பக்கமும் ஒரு அங்குல நீளத்துக்குக் குறுக்காகக் கீறுங்கள். கத்தி ஆழமாகப் போக வேண்டியதில்லை, பெரிய இரத்தக் குழாய் தோலை ஒட்டியே ஓடுகிறது. செவுளுக்குள்ளும் ஒரு வெட்டு. பிறகு தலைகீழாக ஒரு வாளிக் கடல்நீரில் வையுங்கள். சில நிமிடங்களில் இரத்தம் வடிந்துவிடும். குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, கடல்நீரும் நொறுக்கிய ஐஸும் கலந்த பெட்டிக்குள் முழுகும்படி போடுங்கள். வெறும் ஐஸ் கட்டிமேல் வைப்பதை விட ஐஸ் நீர் மிக விரைவாகக் குளிர்விக்கும்.

இது ருசிக்கு மட்டுமான வேலை அல்ல. சூரை இனத்து மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதன் இறைச்சியில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு வரும். சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. அதனால் பிடிக்க நினைக்கும் மீனின் எடைக்குச் சமமான ஐஸ் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐஸ் தீர்ந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், மீன் எவ்வளவு நின்றாலும்.

போகும் எல்லைகளையும் மாமாவிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மண்டபம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைப் பகுதியும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடுவதும் பாறைமேல் நங்கூரம் இறக்குவதும் கூடாது. சர்வதேசக் கடல் எல்லை அரிச்சல்முனையிலிருந்து சில கடல் மைல் தூரத்திலேயே ஓடுகிறது, மேற்கே போகப் போகத்தான் விலகுகிறது. கூட்டத்தைத் துரத்தும் வேகத்தில் ஜி.பி.எஸ். பார்க்க மறந்துவிடும், ஆகவே அதைப் பார்க்கும் வேலையை மட்டும் ஒருவரிடம் கொடுங்கள். ஓங்கல் (டால்பின்) கூட்டம் தென்பட்டால் விலகிப் போங்கள், அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. ஆனால் அதைத் தொடர்ந்து வீசும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் சிறிய பைபர் படகில் வெளியே போவதை நான் ஆதரிக்கமாட்டேன். வாடை ஓய்ந்த பிறகு, மாசியிலும் பங்குனியிலும் கிடைக்கும் அமைதியான காலை வேளைகளே உங்களுக்கு ஏற்றவை. விடியும்போது தீவுகளுக்கு வெளியே இருக்கும்படி கிளம்புங்கள். கட்டிவைத்த இறகு இரைகளில் வெள்ளை இரண்டும் கருஊதா ஒன்றும் கையில் இருந்தால் முதல் பயணத்துக்கு அது போதும். செடார் பிளக்கை அதற்குப் பிறகு வரவழைக்கலாம், வாங்கும்போது சிறிய அளவாகக் கேட்டு வாங்குங்கள்.